புளியமரத்தில் மாட்டிய சடைமுடி

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நான் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த காலத்தில், என் மனைவி நைலானில் சடைமுடி செய்வாள். கூத்திலும் நாடகத்திலும் சிவன் வேஷம், முனிவர் வேஷம் கட்டுகிறவர்கள் தலையில் வைத்துக்கொள்ளும் சடை. கறுப்பு நைலான் இழையைச் சீப்பால் எதிர்ப்பக்கமாகச் சீவிச் சீவிச் சிக்காக்குவாள். உள்ளங்கையில் வைத்துத் திரியாக உருட்டுவாள். கொதிக்கிற தண்ணீரில் முக்கியெடுத்துக் கொடியில் போடுவாள். ஆறிவிட்டால் அந்தச் சிக்கை எவனாலும் பிரிக்க முடியாது. நுனியில் மட்டும் செம்பட்டை நிறத்தில் நாலு இழை சேர்ப்பாள், நிஜச் சடை மாதிரியே இருக்கும்.

எங்கள் வீட்டுக் கொடியில் துணியைவிடச் சடைதான் அதிகம் காயும். "மயிரு வேல நடக்குற வூடு" என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிடுவாள். அதற்கப்புறம் அவள் திரி உருட்டுகிற வேகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும், வயிறு எரிகிறது என்று.

காஞ்சிபுரத்தில் நாடகச் சாமான் கடை ஒன்று இருந்தது. கிரீடம், தாடி, கதாயுதம் எல்லாம் கிடைக்கும். அந்தக் கடைக்காரர் அவளுக்கு, "போட்டோ எடுத்தாந்து குடும்மா. கடையில மாட்டி வெக்கிறாப்புல இருந்தா உனக்கே ஆர்டர் தர்றேன்" என்று சொல்லியனுப்பினார். அன்றைக்கு அவள் கால் தரையில் பாவவில்லை. டவுன் கடைக்காரர் ஒருவர் தன் வேலையைப் பார்த்து நல்லா கீது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

"போட்டோதான? அதுக்குத்தான நான் கீறேன்" என்றேன். எத்தனை கல்யாணம் எடுத்தவன் நான்!

ஸ்டுடியோவுக்குள் வைத்து எடுத்தால் பேஜார். ஃப்ளாஷ் பட்டதும் நைலான் சைக்கிள் டியூப் மாதிரி பளபளத்தது. ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தால் கரிமூட்டைதான். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் ஏரிக்கரைப் புளியமரத்தின் மேல் வெயில் சாய்ந்து விழுவதைப் பார்த்தேன். ஐந்து சடையையும் எடுத்துப் போய், அடிமரத்தில் ஆணியடித்து வரிசையாக மாட்டினேன். அடடா, ஒவ்வொரு முறுக்கும் தனித்தனியாகத் தெரிந்தது! ஒரு ரோல் முழுக்க எடுத்துத் தீர்த்தேன். காஞ்சிபுரம் லேபில் பிரிண்ட் போட்டு, அவளிடம்கூடக் காட்டாமல் நேராகக் கடைக்கு எடுத்துப் போனேன்.

கடைக்காரர் முதல் படத்தைப் பார்த்தார். அதைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

"இன்னாப்பா இது? சாமி வேஷம் கட்றவன் வர்ற கடை இது. பேயோட்டுன மரத்த எடுத்தாந்து கீறியே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் பேய் பிடித்தவளின் உச்சிமுடியைக் கொத்தாகப் பிடித்துப் புளியமரத்தில் வைத்து ஆணியடிப்பார்கள். முடியை அறுத்துவிட்டு அவளை அழைத்துப் போவார்கள். பேய் மரத்தோடு நின்றுவிடும். அப்படி முடி தொங்குகிற மரத்தைக் கண்டு சின்ன வயதில் தலைதெறிக்க ஓடியவன்தான் நானும். வெயிலைப் பார்த்த கண் மரத்தைப் பார்க்கவில்லை. "ஞாயித்துக்கெழமைக்குள்ள வேற படம் கொண்டா. இல்லன்னா மெட்ராஸ் சரக்கு எடுத்துக்கிறேன்" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து கடைக்காரர் சொன்னதைச் சொல்லிப் படங்களை நீட்டினேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

"அறிவு கீதா உனக்கு? ஆணியடிச்சி மாட்டிக்கிறியே! ஊரே சிரிக்கும்யா." கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "சடன்னா தலையில இருக்கணும். வா, வந்து ஒக்காரு."

வாசற்கதவைப் பாதி சாத்தி, வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்படி என்னை முக்காலியில் உட்காரவைத்தாள். சட்டையைக் கழற்றச் சொல்லித் திருநீறு பூசினாள். சடையை வைத்துக் கட்டி, இரண்டு திரியை எடுத்துத் தோளில் விட்டாள். கேமராவை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் சும்மா இருந்தேனா? "லென்ஸ் வளையத்தத் திருப்பு, கைய ஆட்டாத, மூச்ச அடக்கு" என்று அதட்டிக்கொண்டே இருந்தேன்.

"சாமி, வாய மூடு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அழுத்திவிட்டாள்.

அந்தப் படத்தைத்தான் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். "சட நல்லா கீது, இருபது செய்யச் சொல்லு" என்றார். சடைக்கும் திருநீற்றுக்கும் உள்ளே இருந்தது நான்தான் என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மறுபடி படத்தைத் தூக்கிப் பார்த்து, "எடுத்தவன் கைகாரன்பா. யாரு?" என்றார். "நம்ம ஸ்டுடியோதான்" என்றேன். வீட்டுக்கு வந்து சடை நல்லா கீதாம் என்பதை மட்டும் சொன்னேன். அதற்கே அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. பொறாமைதான், வேறென்ன.

அது நல்ல காலம். கழுவக் கொடுத்த படம் எப்படி வருமோ என்று லேப் வாசலிலேயே காத்துக் கிடப்பேன். வீடு முழுக்க வெந்த நைலான் வாடை அடிக்கும். இப்போது ஸ்டுடியோவும் இல்லை, அவளும் திரி உருட்டுவதில்லை. அந்த வாடைக்கு மனசு கிடந்து ஏங்குகிறது.

போன மாதம்தான் மனசு பொறுக்காமல், படம் எடுத்த கையைக் கடைக்காரர் புகழ்ந்ததை அவளிடம் உடைத்துச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"தெரியும். மொத சரக்க குடுக்க கடைக்கு நான்தான போனேன். உங்க வூட்டுக்காரரு சோக்கா எடுத்துக்கிறாரும்மான்னாரு. ஆமாங்கன்னுட்டு வந்துட்டேன்."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீயா சொல்லுவன்னு இருந்தேன்."