அக்கா கேட்ட சாலை

அன்புக்குரிய உறவினர்களே, நண்பர்களே! அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. எழுத உட்கார்ந்தால் அழுகைக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கெடாரில் பிறந்த அக்கா, 1993இல் மணமாகித் திண்டிவனம் வந்தார். கொத்தனார் வேலை பார்த்த மாமாவுக்கு ஏரி வாய்க்கால் ஓரப் புறம்போக்கில்தான் குடியிருக்க இடம் கிடைத்தது. பட்டா கிடையாது. பிள்ளைகள் முழங்கால் சேற்றில் பள்ளிக்குப் போவதைப் பொறுக்காமல், சாலை கேட்டு நகராட்சிக்கு நடையாய் நடந்தவர் அக்காதான். ஒருவழியாகச் சாலை வந்தது. தெருவே அக்காவைக் கொண்டாடியது.

பிறகுதான் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. பழுதான சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே மறுபடி மறுபடி போட்டார்கள். சாலை உயர, வீடுகள் பள்ளத்துக்குப் போயின. முன்பு வாய்க்காலுக்கு வடிந்த மழைநீர் இப்போது வீட்டுக்குள் புகுந்தது. அக்கா கட்டட இடிபாட்டைக் கொட்டித் தரையை உயர்த்தினார். வாசல் குட்டையாகி, எல்லோரும் குனிந்து போனோம். இன்னொரு முறை உயர்த்தக் கூரை இடம் தரவில்லை.

"உன் ரோட்டாலதான் இவ்ளோ பேஜாரு" என்று பக்கத்து வீட்டு அம்மாள் முகத்துக்கு நேரே சொன்னார். அன்று அக்கா சாப்பிடவில்லை. மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனார்.

"ரோடு கேட்டதே நீதானம்மா? இப்ப நீயே கம்ப்ளெயின்ட் பண்ணிக்கினு வர்றியே" என்றார் அதிகாரி.

"ரோடு வேணான்னு சொல்லலிங்க சார். பழச சுரண்டிட்டுப் போடுங்கன்னுதான் கேட்டுக்கினு இருக்கேன்."

"அது எஸ்டிமேட்ல இல்லம்மா. அதுவும் பட்டா இல்லாத இடம்."

பட்டா இல்லாத இடத்துக்குச் சாலை மட்டும் எப்படி வந்ததாம்? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அக்கா சளைக்கவில்லை. ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் பெண்களைச் சேர்த்து வாய்க்காலைத் தூர்வாரினார்; வாசலில் மணல் மூட்டை அடுக்கினார்.

கடைசி மழையின்போது சிறுநீரக நோயோடு, செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலில் படுத்திருந்தார். வெளியே ரோடு ரோலர் ஓடிய சத்தம் அதற்கு முந்தைய வாரமே கேட்டிருந்தது.

"தம்பி, இந்தத் தடவயாவது சுரண்டிப் போட்டாங்களா?"

"போட்டாங்கக்கா" என்று பொய் சொன்னேன். கட்டிலுக்கு அடியில் தண்ணீர் நின்றது.

அந்தத் தண்ணீரை விடியும்வரை இறைத்தவர் பக்கத்து வீட்டு அம்மாள்தான். அவருக்கும், மருந்து தந்த செவிலியருக்கும் எங்கள் நன்றி.

குடிவந்த அன்று தெருவிலிருந்து இரண்டு படி ஏறி வீட்டுக்குள் போனார் அக்கா. இறுதிநாளில் அவரை வெளியே கொண்டுவர மூன்று படி ஏற வேண்டியிருந்தது. குனிந்து தூக்கிச் சாலையில் ஏற்றிய கைகளுக்கு நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள்.

இன்று படையலுக்கு வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்து இறங்குங்கள். போன மாதம் மறுபடி சாலை போட்டார்கள். இப்போது நான்கு படி.