ஒன்பதாவது வளைவில் இருந்த வீதி

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு மரக்காரர் என்று பெயர். கார்ப் பந்தய விளையாட்டுகள் செய்கிற கம்பெனி. ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. "நாங்க நிஜ டயர் விக்கிறோம், நீங்க பொய் டயர் விக்கிறீங்க. ஏசி ரூம் என்னவோ உங்களுக்குத்தான்" என்று டயர் கடைக்காரர் எங்களைப் படியில் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். நான் கணினியில் ரோடு போடுகிறவள், அதனால் தார்க்காரி. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வருகிற மரம், வீடு, விளக்குக் கம்பம், மலை எல்லாம் அவர் பொறுப்பு.

கார் பறக்கும்போது யாரும் மரத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் மரம் இல்லாவிட்டால் கார் பறக்கிற மாதிரியே இருக்காது. பக்கத்தில் ஏதாவது பின்னால் ஓடினால்தான் நாம் முன்னால் போகிறோம் என்று கண் நம்பும். அதனால் தூரத்து மரங்களை இரண்டு தட்டைப் படங்களாக வெட்டி, பெருக்கல் குறி மாதிரி குறுக்கும் நெடுக்குமாக நட்டுவிடுவோம். வீடுகளுக்கு முன்பக்கம் மட்டும்தான். பின்னால் ஒன்றும் இருக்காது. அவரும் அப்படித்தான் செய்வார். இருந்தாலும் அவர் நட்ட மரத்தடியில் காரை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் உட்காரலாம் போல இருக்கும். எப்படி என்று கேட்டால், "மரம்னா ஒரு பக்கம் கொஞ்சம் கோணலா இருக்கணும் தார்க்காரி, மனுஷன் மாதிரி" என்பார்.

அவர் மனைவி கடல் தாண்டி ஒரு நகரத்தில் நர்ஸாக இருந்தார். நான் அவரை அண்ணி என்றுதான் சொல்வேன், நேரில் பார்த்ததில்லை என்றாலும். போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. நடுவில் ஒரே ஒரு தடவை வந்துபோனார். இங்கே வீட்டில் மரக்காரரும் மூன்றாம் வகுப்பு படிக்கிற மகளும். மகளை வாலு என்று கூப்பிடுவார். பெயருக்குக் குறை வைக்காத பிள்ளை.

எங்கள் மதியச் சாப்பாட்டு நேரம் அண்ணிக்கு விடிகாலை. வேலைக்குக் கிளம்பும் முன் போன் வரும். அவர் மாடிப்படித் திருப்பத்தில் போய் நின்று பேசுவார். பக்கத்தில்தான் தண்ணீர் பிடிக்கிற இடம் என்பதால் எல்லார் காதிலும் விழும்.

"சாப்பிட்டியா?"

"குளிரா?"

"ம். வாலு நல்லாத்தான் இருக்கா."

அவ்வளவுதான். அப்புறம் இரண்டு பக்கமும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். பாசம் இல்லாமல் இல்லை. நான்கு வருடத்தில் பேச்சு தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

அந்த வருடம் நிஜமான நகரங்களின் தெருக்களை அப்படியே எடுத்துப் பந்தயப் பாதையாகச் செய்வது என்று முடிவானது. மேலாளர் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றாவது பெயரைக் கேட்டதும் மரக்காரர் கையிலிருந்த தண்ணீர் மேசையில் கொட்டியது. அது அண்ணி இருக்கிற நகரம்.

எதையும் வாய்விட்டுக் கேட்காத மனிதர் அன்றைக்கு எழுந்து நின்றே கேட்டார். "அந்த ஊரை எனக்குக் குடுங்க சார்." கொடுத்தார்கள். ஆனால் அங்கே போய்ப் படமெடுக்க வேறு இரண்டு பேரை அனுப்பினார்கள். "நீங்களும் போயிட்டா இங்க மரத்தை யாருய்யா நடுறது?" என்றார் மேலாளர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

ஆயிரக்கணக்கில் படங்கள் வந்தன. சுவர், ஜன்னல், கதவு, பாலம். நாங்கள் அந்தப் படத்தைத்தான் விளையாட்டில் வருகிற சுவர் மேல் ஒட்டுவோம். அதனால் படத்தில் ஆட்கள் இருக்கக்கூடாது. இருந்தால் ஒவ்வொருவராக அழித்து, அவர்களுக்குப் பின்னால் இருக்கும் செங்கல்லை நாமே வரைய வேண்டும். சலிப்பூட்டுகிற வேலை, யாரும் விரும்பிச் செய்வதில்லை. அவர் முழுவதையும் தானே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு முகத்தையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் அழிப்பார். படமெடுத்த வாரத்தில் ஒரு நாள் அந்தக் குழுவைக் கடந்து போனதாக அண்ணி சொல்லியிருந்தார்.

ஒரு நாள் மதியம் மாடிப்படியில் அவர் குரல் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

"கண்டுபிடிச்சிட்டேன். ஆஸ்பத்திரிச் சுவர் ஓரமா நடந்து போற. பாதிதான் தெரியுது, மீதி பஸ்ஸுக்குப் பின்னால. அந்தப் பழைய பையைத்தான் இன்னும் வச்சிருக்கியா?"

அண்ணி என்ன சொன்னாரோ, அவர் சிரித்தார். பிறகு தயங்கி, "இல்ல, வச்சுக்க முடியாது. அந்தச் சுவர் வேணும். அழிச்சிட்டேன்" என்றார்.

போனில் வந்த பதில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. "கட்டின பொண்டாட்டியையே அழிச்ச ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

அதிலிருந்து பேச்சு ஊற்றெடுத்தது.

"ஆத்துப் பாலத்துக் கம்பி என்ன நிறம்?"

"பச்சை."

"என்ன பச்சை?"

"பச்சைன்னா பச்சைதான். பச்சையில என்ன ஜாதி இருக்கு?" பிறகு, "சரி இருங்க, போற வழிதானே, பாத்துட்டுச் சொல்றேன்."

லீவு நாட்களில் அண்ணி தெருத் தெருவாக நடந்தார். ரொட்டிக் கடைக்கு மேலே கல்லில் ஒரு பறவை செதுக்கியிருப்பதை அப்போதுதான் கவனித்தாராம். "நாலு வருஷமா குனிஞ்ச தலை நிமிராமலே நடந்திருக்கேன் போல" என்றாராம். மரக்காரர் அந்தப் பறவையைச் செய்தார். விளையாடுகிறவர்கள் அதைக் கடக்கும் வேகத்தில் அது பறவையா பானையா என்றுகூடத் தெரியாது. அதற்கு இரண்டு நாள் செலவழித்தார்.

ஒன்பதாவது வளைவில் ஆஸ்பத்திரியின் பின்வாசல். அங்கிருந்து உள்ளே திரும்புகிற வீதியில்தான் அண்ணி தங்கியிருந்தார். மரக்காரர் அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு மெதுவாகச் செய்தார். இரண்டாவது மாடியில் மஞ்சள் திரை போட்ட ஒரு ஜன்னல். பக்கத்து ஜன்னல்களுக்கெல்லாம் ஒரே வெளிச்சம்; அதற்கு மட்டும் தனி வெளிச்சம் வைத்திருந்தார்.

ஓட்டிப் பார்த்தவர்கள் ஒன்பதாவது வளைவு பிடிக்கவில்லை என்றார்கள். குறுகல், கார்கள் முட்டிக்கொள்கின்றன, வேகம் செத்துப்போகிறது. மேலாளர் அந்த வீதியை வெட்டிவிட்டு ஆற்றோரமாக நேராகப் போகச் சொன்னார். ரோட்டை மாற்றியது நான்தான். வீதியின் வாயில் ஒரு தடுப்பு. அதற்குப் பின்னால் வீடுகள் வெறும் காட்சியாக நின்றன. கார் இனி போகாத வீதிக்கு நான் ஏற்ற இறக்கம்கூட அளந்து போடவில்லை.

"அண்ணே, என்மேல கோவமா?" என்று கேட்டேன்.

"ரோடுன்னா போகத்தானே. ஊரையே நிறுத்தவா முடியும்?" என்றார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அன்று வீட்டுக்குக் கொண்டுபோனார்.

வெளியிடுவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை எல்லாரும் பிள்ளைகளைக் கூட்டிவந்து விளையாடிப் பார்க்கச் சொன்னார்கள். வாலு வந்தாள். மற்ற பிள்ளைகள் ஸ்டியரிங்கைப் பிடித்து உயிரை விட்டுக்கொண்டிருக்க, இவள் மாட்டுவண்டி வேகத்தில் போனாள். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

"அம்மா வீடு எங்கப்பா?"

"அந்தா, அந்தத் தடுப்புக்குப் பின்னால. மஞ்சள் திரை தெரியுதா?"

தடுப்பில் காரை முட்டி நிறுத்தினாள். நின்று பார்த்துக்கொண்டேயிருந்தாள். எங்கள் விளையாட்டில் கார் பாதையைவிட்டு விலகி நின்றால் 'பாதைக்குத் திரும்பவும்' என்று திரையில் எழுத்து வரும். அப்படியும் நகராவிட்டால் கார் தானாகத் தூக்கப்பட்டு ரோட்டின் நடுவில் வைக்கப்படும். அப்படியே நடந்தது. வாலு வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி அங்கேயே வந்து நின்றாள். மறுபடியும் தூக்கி வைத்தது. மறுபடி வந்தாள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சிரிப்பதை நிறுத்தினார்கள்.

"அப்பா, இது நம்மள அங்க நிக்க விட மாட்டேங்குது."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டார். "வா, போலாம்." திங்கட்கிழமை வந்ததும் லீவுக்கு எழுதிக் கொடுத்தார். பள்ளி விடுமுறை தொடங்கியதும் இருவரும் விமானம் ஏறினார்கள்.

அங்கே நடந்ததை அவர் திரும்பி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரயில் நிலையத்தில் அண்ணியைப் பார்த்ததும் வாலு ஒரு நிமிடம் வெட்கப்பட்டு அப்பா காலுக்குப் பின்னால் ஒளிந்தாளாம். அப்புறம் அம்மா இடுப்பைவிட்டு இறங்கவே இல்லையாம். இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். "இங்க திரும்பணும். அடுத்தது ரொட்டிக் கடை. அப்புறம் பாலம்." அண்ணி பின்னாலிருந்து, "யாரு ஊருல யாரு வழி காட்டுறது?" என்று சிரித்தாராம். இவர் பாலத்துக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். பச்சைதான். ஆனால் கை ஒட்டிக்கொள்கிற மாதிரி சில்லென்று இருந்தது.

ஒன்பதாவது வளைவில் திரும்பினார்கள். வீதி மேலே ஏறியது. நல்ல செங்குத்து. படங்களில் அது தெரிந்திருக்கவில்லை. எங்கள் விளையாட்டில் அது சமதரையாகத்தான் இருந்தது. அண்ணியும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பாதி ஏற்றத்தில் அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நின்றார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல, முட்டி. ஏற்றம்னா மட்டும்தான்."

"எப்போலேருந்து?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"சொல்லவே இல்லையே நீ."

"நீங்க கம்பி நிறம் கேட்டீங்க, சொன்னேன். பறவை மூக்கு எந்தப் பக்கம்னு கேட்டீங்க, அதையும் சொன்னேன்." அண்ணி விளையாட்டாகத்தான் சொன்னார். அவருக்குத்தான் சுருக்கென்று தைத்தது. வாலுவை இறக்கி நடக்கவிட்டு, ஒரு கையில் பெட்டியும் மறு கையில் அண்ணியின் முழங்கையுமாக மேலே ஏறினார்.

மஞ்சள் திரைக்குப் பின்னால் இருந்த அறையை அவர் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார். இரண்டு கட்டில், ஒன்று கூடத் தங்கியிருக்கும் இன்னொரு நர்ஸுடையது. நடுவில் ஒருவர் நடக்கிற இடம். ஜன்னலோரம் ஈரக் காலுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. அலமாரிக் கதவு முழுக்க வாலு வரைந்து அனுப்பிய படங்கள். அவள் பேனா பிடிக்கத் தெரியாத வயதில் கிறுக்கியதிலிருந்து வரிசையாக. "இவ்வளவு நாளும் வெளிய நின்னு ஜன்னலையே பாத்துட்டிருந்திருக்கேன் தார்க்காரி" என்றார் என்னிடம்.

அந்த இரண்டு வாரமும் அவர் எந்தக் கட்டடத்தையும் அண்ணாந்து பார்க்கவில்லையாம். அண்ணியை வேலைக்குக் கொண்டுபோய் விடுவது, முடியும் நேரத்துக்குப் பின்வாசலில் போய் நிற்பது. காலையில் ஏழு நிமிட இறக்கம். மாலையில் அதே வீதி அரை மணி நேரமானது. நடுவில் ஒரு வீட்டுப் படிக்கட்டில் மூவரும் உட்கார்ந்துகொள்வார்கள். "இத்தனை நாள் இங்க யாருகூட உக்காந்த?" என்று கேட்டாராம். "யாருகூடயும் இல்ல. மூச்சு வாங்க நிப்பேன், அப்புறம் போயிடுவேன்."

கிளம்புகிற அன்று, "போதும், வந்துடு" என்றார். ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் இருந்தது. "பாதில விட்டுட்டு வர மாட்டேன். முடிச்சிட்டு வர்றேன். வந்தா திரும்பப் போக மாட்டேன்" என்றார் அண்ணி. அந்த ஒரு வருடம், முந்தைய நான்கையும்விட நீளமாக இருந்தது என்று மரக்காரர் சொன்னார். முன்னே எதற்கு ஏங்குகிறோம் என்று தெரியாமல் ஏங்கினார். இப்போது கட்டிலின் அகலமும், சுவரைப் பிடிக்கிற கையும் தெரிந்துபோயிருந்தன. மதியம் போன் அடித்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி மாறியது. "நேத்து சாயங்காலம் எத்தனை இடத்துல நின்னே?"

விளையாட்டு வெளியானது, சுமாராக விற்றது. அவர் அடுத்து ஒரு பாலைவனப் பாதைக்கு மணல் மேடு போட்டுக்கொண்டிருந்தார். மரமே இல்லாத வேலை.

அண்ணி சொன்ன சொல் தவறாமல் வந்தார். இங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், உட்கார்ந்து பார்க்கிற வேலை. முழங்காலுக்கு வைத்தியம் நடக்கிறது. சில மாலைகளில் அந்த ஊர் ஆற்று மூடுபனியைப் பற்றி அண்ணியே பேச்செடுத்து, பிறகு நடுவிலேயே நிறுத்திவிடுவாராம். அவர் மேற்கொண்டு கேட்பதில்லை.

போன வாரம் மரக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலுவலகம் வந்தார். என்னண்ணே என்றேன்.

"ஜன்னல் திறந்து வைக்கிறதா சாத்தி வைக்கிறதான்னு சண்டை. ராத்திரிலேருந்து என்கூடப் பேசல."

"அஞ்சு வருஷம் போன்ல பேசினீங்களே, அப்போ சண்டை வந்ததே இல்லையா?"

யோசித்தார். "அப்போ சண்டை போட்டு, சமாதானமும் ஆக எங்க நேரம் இருந்துச்சு?" என்றார். பிறகு மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும், எங்கள் எல்லாரையும் விட்டுவிட்டு, சாப்பிட வீட்டுக்கே போய்விட்டார்.