டிஸ்க்கில் தடவிய எண்ணெய்

என் பைக்கின் சக்கரத்தில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று எங்கள் தெருவில் கேலி பேசுவார்கள். கேலிதான் என்றாலும் எனக்கு உள்ளூரப் பெருமை. எங்கள் ஊர் விஸ்வநத்தத்தில் ஒரு மழை பெய்தால் போதும், கரிசல் மண் அலாய் வீலின் ஐந்து கால்களிலும் அப்பிக்கொள்ளும். காய்ந்தால் கல்லாக இறுகிவிடும். நான் காயவிட மாட்டேன். ஷாம்பு கரைத்த வாளித் தண்ணீர், பழைய டூத் பிரஷ், கிழிந்த பனியன் ஆகியவற்றோடு வாசலில் உட்கார்ந்துவிடுவேன். கால்களின் இடுக்கு, செயினிலிருந்து தெறித்த கறுப்புப் புள்ளி எதையும் விடுவதில்லை. "ஏலே, பட்டாசு ஆபீஸ்ல இருந்து அலுமினியப் பொடிய அள்ளிட்டு வந்து பூசிட்டியா?" என்பார் பக்கத்து வீட்டு அண்ணன்.

அந்தப் பெருமைதான் என் மனைவியின் கையை ஒடித்தது.

நான் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறேன். அவள் விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை டூட்டி என்றால் ஏழு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். அதற்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரு பஸ் தவறினால் அன்றைக்குப் பூராவும் ஏச்சு. "ஒங்க வண்டிய ஓட்ட எனக்குச் சொல்லிக் குடுங்க" என்று அவளே ஒருநாள் கேட்டாள். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு கியர் வண்டி?" என்று அம்மா முகத்தைச் சுளித்தாள். "ஏன் அத்தே, கியர மிதிக்க மீசையா வேணும்?" என்று இவள் திருப்பிக் கேட்க, அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சர்ச் மைதானத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். பத்தே நாளில் பழகிவிட்டாள். "பயப்படாத, முன்னாடி டிஸ்க் பிரேக் இருக்கு. அது ஏமாத்தாது, அத நம்பு" என்று நான்தான் படித்துப் படித்துச் சொன்னேன். அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் வண்டி அவளுடையதாகவே ஆகிவிட்டது. நான் பக்கத்து வீட்டு அண்ணன் வண்டியில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவள் கிளம்புகிற தோரணையே தனி.

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் மெஷினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, வெறும் இரும்பாக இருக்கிற உருளைகளின் மேல் மெல்லிசாக எண்ணெய் தடவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை ஒருநாளிலேயே துரு பூத்துவிடும். இருபது வருடமாக என் கை செய்கிற வேலை அது.

காலண்டர் சீசன், விடாத மழை. அன்றைக்கு ஒரு சனிக்கிழமை. மெஷினைத் துடைத்துவிட்டு வந்த கையோடு வண்டியையும் கழுவினேன். முன் சக்கரத்து டிஸ்க்கின் மேல் லேசாகப் பழுப்புத் துரு. இரண்டு தடவை பிரேக் பிடித்தால் தானாகப் போய்விடுகிற துரு அது. ஆனால் என் கண்ணுக்கு அது பிரேக்காகத் தெரியவில்லை, உருளையாகத் தெரிந்தது. அச்சகத்திலிருந்து கொண்டுவந்த எண்ணெயைத் துணியில் நனைத்து, இரண்டு பக்கமும் பூப்போலத் தடவினேன். எண்ணெய் பட்டால் பிரேக் கட்டை எதைப் பிடிக்கும்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தோன்றவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "கல்யாணப் பொண்ணு மாதிரி மினுக்கி வச்சிருக்கீக" என்று அவள் சொன்னபோது இளித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஞாயிறு, அவளுக்குக் காலை டூட்டி. கிளம்பி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. "ஏலே, ஓடியாலே! ஒம் பொண்டாட்டி விழுந்துட்டா!" என்று டீக்கடைக்காரர் கத்திக்கொண்டு வந்தார். திருப்பத்தில் காலண்டர் லோடு ஏற்றிய ஆட்டோ ஒன்று சந்துக்குள்ளிருந்து பின்பக்கமாக வெளியே வந்திருக்கிறது. இவள் பிரேக் பிடித்தும் வண்டி நிற்காமல், ஆட்டோவில் இடித்துச் சாய்ந்திருக்கிறாள். நான் போனபோது வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கூட்டம். அத்தனை பேர் முன்னால் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "பிரேக்கப் புடிக்காம கைய விட்டுட்டியா?"

"புடிச்சேனே..." என்றாள். பிறகு, "புடிச்ச மாதிரிதான் இருந்துச்சு" என்றாள்.

அவளை வேறொரு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டு வண்டியைத் தூக்கும்போது என் விரல் டிஸ்க்கில் பட்டது. வழுக்கியது. அந்த ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். நானோ சட்டை நுனியால் டிஸ்க்கைத் துடைத்தேன், யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே. சாயங்காலம் சோப்புப் போட்டுக் கழுவி, பிரேக் கட்டையை உப்புத்தாளால் தேய்த்துவைத்தேன். வண்டி பழையபடி சொன்ன இடத்தில் நின்றது.

எலும்பு கூடிவிட்டது. அவள்தான் பழையபடி ஆகவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அம்மா சொன்னபோது, பட்டுப் பட்டென்று பதில் சொல்கிறவள் தலையைக் குனிந்துகொண்டாள். வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினாள், அதோடு சரி. விடியும் முன் எழுந்து மறுபடியும் இரண்டு பஸ். கூட வேலை பார்க்கிற பிள்ளை பைக் வாங்கப் போவதாகச் சொன்னபோது, "வேணாம்மா, ஆத்திர அவசரத்துக்கு நம்ம கை வேலை செய்யாது" என்று இவள் போனில் சொன்னதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஊசி போடுகிற கை அது. ஆத்திர அவசரத்துக்கென்றே இருக்கிற கை. அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

இப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது. போன வாரம் வாசலில் சக்கரம் துடைத்துக்கொண்டிருந்தேன். டூட்டிக்குக் கிளம்பியவள் பையோடு நின்று பார்த்தாள்.

"அது என்ன, அதுக்கு மட்டும் பிளாஸ்டிக் பையக் கட்டிட்டுத் தொடைக்கீக? முன்னால எல்லாம் இப்படிக் கட்ட மாட்டீகளே."

டிஸ்க்கைத்தான் கேட்டாள். ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். முடியவில்லை. கையில் பனியனை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: எண்ணெய், சட்டை நுனி, உப்புத்தாள். ஏசுவாள், அழுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவள் வலது கையை விரித்து, மடக்கி, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, நான் பிரேக் புடிச்சேன்ல?"

"புடிச்சிருப்ப."

"புடிச்சிருப்பல்லாம் இல்ல. புடிச்சேன்."

"நீ புடிச்ச" என்றேன்.

அவளுடைய பஸ் வருகிற நேரம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். தெருமுனை வரைக்கும் அந்தக் கை விரிந்து விரிந்து மூடிக்கொண்டே போனது.