சிறுத்துப்போன தாய்மாமன் பெயர்

தானாக நடக்கும் எதையும் நான் நம்புவதில்லை. போடியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து விசேஷ வீடுகளுக்கு வீடியோ பத்திரிகை செய்து பிழைக்கிறேன். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுவீடு எல்லாம் உண்டு. பெயர்கள் பறந்து வந்து பூக்களுக்கு நடுவில் உட்காரும் அல்லவா, அதுதான் என் சோலி. ஆரம்பத்தில் ஒவ்வொரு பெயரையும் கையால்தான் நகர்த்தினேன். எது எப்போது வர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் என் கண் முன்னால் நடந்தது. முகூர்த்த மாதங்களில் அது கட்டுப்படியாகவில்லை.

அப்புறம்தான் எக்ஸ்பிரஷன் எழுதக் கற்றுக்கொண்டேன். அனிமேஷன் மென்பொருளில் ஒரு வரிக்கோ படத்துக்கோ பின்னால் எழுதி வைக்கிற சின்ன உத்தரவுக்கு அதுதான் பெயர். முந்தின பெயர் நின்ற பிறகு நீ வா, வந்ததும் லேசாக ஆடி அடங்கு, பெட்டிக்குள் கொள்ளாத அளவு நீளமாக இருந்தால் சின்னதாகிக்கொள் என்று ஒரு தடவை எழுதிவிட்டால் போதும். அடுத்த வீட்டுப் பெயர்களைக் கொட்டினால் வீடியோ தானே எழுந்து நிற்கும். எனக்கு வேலை குறைந்தது, ஆனால் நிம்மதி வரவில்லை. கம்ப்யூட்டர் தப்பே செய்யாது என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். சொன்னதை அப்படியே செய்யும் ஆளிடம்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

போன வருஷம் ஒரு காதுகுத்து வந்தது. குழந்தையின் அப்பா தேவாரம் பக்கம் தோட்டம், கிணறு என்று வசதியானவர். அம்மா மலைக்காரப் பெண். அவளுடைய அண்ணன் போடிமெட்டு தாண்டி ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்கிறார். வீடியோவை அனுப்பி, அது எல்லார் போனுக்கும் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மாடிப்படி ஏறி வந்தாள்.

"யக்கா, எங்கண்ணே வரமாட்டேங்குது."

போனை நீட்டினாள். நான் செய்த வீடியோதான். பெரியப்பா பெயர், சித்தப்பா பெயர், அத்தை பெயர் எல்லாம் திரை கொள்ளாமல் வந்து நின்றன. கடைசியில் தாய்மாமன் பெயர் வந்தது, கடுகு மாதிரி. பத்துப் பதினைந்து வீடியோ வரிசையில் நின்ற வாரம் அது. நான் ஓட்டிப் பார்த்தபோது பூக்களின் ஆட்டத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

"தோட்டத்து ஜீப்புல ஒருத்தன் போனைக் குடுத்து, இதுல ஒம்பேரு எங்க இருக்குன்னு தேடச் சொல்லிச் சிரிச்சானாம். கூலிக்காரன் பேரு இம்புட்டு இருந்தாப் போதும்னு நெனச்சிட்டாங்கள்ல, அவங்களே மடியில வச்சுக் குத்திக்கிறட்டும்னு சொல்லிட்டு அண்ணே போனை வச்சிருச்சு."

எங்கள் பக்கம் மாமன் மடியில் உட்காராத பிள்ளைக்குக் காது குத்த மாட்டார்கள். அவளுக்குக் கவலை அதோடு நிற்கவில்லை. "அப்பா அம்மா போனதுக்கப்புறம் எனக்குன்னு போயி நிக்க அந்த ஒரு வாசப்படிதாங்க்கா இருக்கு. அதுவும் போச்சுன்னா இந்த வீட்டுல என்னைய யாருக்கா மதிப்பா?" என்றாள். அழவில்லை.

வரி நீளமாக இருந்ததால் மெசின் சுருக்கிவிட்டது என்று திரையிலேயே செய்து காட்டினேன். பெயரை நீட்டினேன், சிறுத்தது. குறைத்தேன், பெருத்தது. உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மெசினு பண்ணுனதுதான்னு எங்கண்ணங்கிட்ட நீங்களே சொல்லிருங்க்கா," என்றாள். முதலில் முழுசாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன்.

அவள் போனதும் முதலில் என் எக்ஸ்பிரஷனைத்தான் சந்தேகப்பட்டேன். பழைய பெயர்களைப் போட்டு ஓட்டினேன், ஒழுங்காக இருந்தது. பிறகு என் தட்டச்சைச் சந்தேகப்பட்டேன். அதிலும் பிழையில்லை. கடைசியாக அவள் புருஷன் அனுப்பிய வாட்சப் செய்திகளைத் திறந்தேன்.

பெயர்களை அவர் இரண்டு தடவை அனுப்பியிருந்தார். முதல் தடவை அனுப்பியதில் தாய்மாமன் வரியில் மாமனுடைய பெயரும் அவர் மனைவி பெயரும் மட்டும்தான். இரண்டாவதில், "மாமன் மரியாதை குறையக் கூடாது, இப்படிப் போடுங்க" என்று மாமனின் அப்பா பெயர், சொந்த ஊர், தோட்டத்தின் பெயர், பார்க்கும் வேலை எல்லாவற்றையும் சேர்த்திருந்தார். ஒரே வரியில் வர வேண்டும் என்று வேறு எழுதியிருந்தார். அதே செய்தியில் தன் பக்கத்து ஆட்களின் பட்டம், பதவி எல்லாம் காணாமல் போயிருந்தன. வெறும் பெயர்கள், எல்லாம் குட்டை குட்டையாக.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. வேலையைக் கொடுக்க வந்த அன்று அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று வேறு ஒரு வீட்டு வீடியோவைப் பார்த்தார். அதில் ஒரு வரி மட்டும் ஏன் சின்னதாக இருக்கிறது என்று கேட்டார். நான் பெருமை பொங்க எக்ஸ்பிரஷனின் சாமர்த்தியத்தை எல்லாம் விளக்கினேன். "அப்ப நீளமாக் குடுத்தா அதுவே சின்னதாக்கிரும்," என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அவர் மனசாரத்தான் மரியாதை செய்தாரோ என்னவோ, சத்தியம் செய்து சொல்ல என்னால் முடியாது. ஆனால் மாமனுக்கு மரியாதை கூட்ட நினைத்தவர் தன் சித்தப்பாவின் பட்டத்தை எதற்கு வெட்ட வேண்டும்? என் உத்தரவை வைத்தே இன்னொருவர் காரியம் சாதித்துக்கொண்டார் என்று நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உட்கார்ந்து எக்ஸ்பிரஷனை மாற்றினேன். மாமன் வரியில் இருந்த எதையும் எடுக்கவில்லை. இரண்டு வரியாக உடைத்தேன். எல்லாப் பெயர்களிலும் எது மிகச் சின்னதாக இறங்குகிறதோ, அதே அளவில்தான் மற்ற எல்லாமும் நிற்க வேண்டும் என்று எழுதினேன். புது வீடியோவை அவருக்கு அனுப்பிய சூட்டோடு போன் வந்தது.

"என்னம்மா, எங்க பேரெல்லாம் பொடிசாப் போச்சு?"

"எல்லாருக்கும் ஒரே அளவுண்ணே. மெசினு இனிமே அப்படித்தான்."

"முன்னாடி செஞ்சது நல்லாத்தானம்மா இருந்துச்சு. மண்டபத்துத் திரைக்கு அதையே போட்டுருங்களேன்."

"அதோட ஒரிஜினல் அழிஞ்சு போச்சுண்ணே," என்றேன். அது என் கம்ப்யூட்டரில் பத்திரமாகத்தான் இருந்தது. மாமன் பெயர் இப்போது சரியாக இருக்கிறதா என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்து அவள் அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். மலையில் சிக்னல் வந்து வந்து போனது. மெசின் சுருக்கிய விஷயத்தைச் சொன்னதும், "ஏன் தாயி, ஆள் பாத்துச் சின்னதாக்க மெசினுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார். என் மாதிரியே ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

"அது ஆளைப் பாக்காதுண்ணே. ஒங்க அப்பா பேரு, ஊரு பேரு எல்லாம் சேத்ததுல வரி நீண்டு போச்சு. அதான் சுருக்கிருச்சு."



"எங்கப்பன் பேரு அதுல இருக்கா?"

"இருக்குண்ணே. அம்புட்டுச் சின்னதுல ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"யாரு போடச் சொன்னது, மாப்ளையா?"

"அவருதான் எழுதி அனுப்புனாரு." அது பொய்யில்லை. ஆனால் பொய் சொல்லும்போது வேர்ப்பதைப் போல எனக்கு வேர்த்தது.

"எங்கப்பன் பேரைப் போட்டுருக்காரா..." என்றார். குரல் இறங்கிவிட்டது. "செரி தாயி, நான் வர்றேன்னு தங்கச்சிகிட்டச் சொல்லிருங்க."

காதுகுத்து அன்று மேளத்தோடு சீர்த் தட்டுகள் வந்தன. அவர் புதுவேட்டியில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். குழந்தை வீறிட்டு அழுதது. காது குத்தி முடிந்ததும் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "அப்பன் பேரைப் போட்டதுக்கு ரொம்ப சந்தோசம் மாப்ள," என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் மண்டபத்தின் எல்.ஈ.டி. திரையில் ஏதோ சரிசெய்வதைப் போலத் திரும்பிக்கொண்டேன்.

கிளம்பும்போது அந்தப் பெண் தாம்பூலப் பையோடு வாசல் வரைக்கும் வந்தாள். புருஷன் அனுப்பிய இரண்டாவது செய்தியைப் பற்றி நான் அவளிடம் மூச்சு விட்டதில்லை. மெசின்தான் காரணம் என்று அவள் நம்பிவிட்டாள், அது அப்படியே இருக்கட்டும் என்று நினைத்திருந்தேன்.

"யக்கா, அடுத்த விசேஷத்துக்கு அவரு ரெண்டாந்தடவையா பேரை மாத்தி அனுப்புனா, எனக்கு ஒரு போன் போட்டுட்டுச் செய்யுங்க," என்றாள். பையை என் கையில் கொடுத்துவிட்டு, அண்ணனுக்கு இலை போட உள்ளே போனாள்.