சொந்த விருப்பத்தின் பேரில்

என் அண்ணன் பொய் சொல்கிறார். மும்பை விமானத்தில் என் இருக்கையை நானாகவே விட்டுக்கொடுத்தேன் என்று சாத்தூரிலிருந்து சிவகாசி வரை சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தங்கச்சிக்குப் பெரிய மனசு என்று கூடவே ஒரு பாராட்டும் வைக்கிறார். எனக்குப் பெரிய மனசு கிடையாது. என்னை நன்றாகத் தெரிந்த யாரிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

அண்ணன் மகளுக்கு மும்பையில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். தாத்தா காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்து போன குடும்பம். அங்கே பட்டாசும் காகிதமும் மொத்த வியாபாரம். எங்கள் வழக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். வீட்டைப் பார்த்து, பிடித்திருந்தால்தான் இலையில் உட்காருவோம். கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். ஒற்றைப்படையில் போக வேண்டும் என்பதால் ஏழு பேர் புறப்பட்டோம்: அண்ணன், மதினி, மதினியின் பிறந்த வீட்டார் மூன்று பேர், காது கேளாத சித்தப்பா, நான்.

முதலில் என்னைச் சேர்க்கவில்லை. கல்யாணப் பெண்தான் பிடிவாதம் பிடித்தாள். "அத்த, இவுக எல்லாரும் அங்கன போய் ஏசியையும் லிப்டையும் பாத்துட்டு வந்துருவாக. நீங்க அடுப்படிக்குள்ள போய்ப் பாருங்க. அந்த வீட்டுப் பொம்பளைக வாயத் தொறந்து பேசுதாகளான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள். எங்கள் வீட்டில் உள்ளதை உள்ளபடி சொல்கிற ஆள் நான் ஒருத்திதான் என்பது அவள் எண்ணம். பார்த்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். நான் வந்து சொன்ன பிறகுதான் சரியென்றோ வேண்டாமென்றோ சொல்வதாக அவளும் சொன்னாள்.

காலையில் இரண்டு காரில் மதுரைக்குக் கிளம்பினோம். சூலக்கரையில் கலெக்டர் ஆபீசைக் கடக்கும்போது அண்ணன் வழக்கம்போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவருடைய பட்டாசுக் கம்பெனிக்கு லைசென்ஸ் புதுப்பித்துத் தருகிற சாமி அங்கேதான் குடியிருக்கிறது.

விமானத்துக்குக் காத்திருந்தபோது அந்தக் கம்பெனிப் பெண் மைக்கில் பேசினாள். இருக்கைகளைவிட இரண்டு டிக்கெட் அதிகமாக விற்றுவிட்டார்களாம். யாராவது இரண்டு பேர் விட்டுக்கொடுத்தால் மறுநாள் மத்தியான விமானத்தில் இடம், அதுவரை மதுரையில் நல்ல ஓட்டலில் அறை, சாப்பாடு, அதுபோக இன்னொரு முறை எங்கே வேண்டுமானாலும் போய்வர இலவச டிக்கெட். இருக்கிற சீட்டுக்கு மேல் ஏன் விற்கிறீர்கள் என்று ஒருவர் சண்டைக்குப் போனார். எப்போதும் சிலர் வராமல் போவார்கள், அதை நம்பி விற்பதுதான் என்றாள். கூட்டத்தில் அண்ணன் ஒருவர்தான் தலையாட்டினார். தன் தொழில்காரியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். சீசனில் அவரும் அப்படித்தான் ஆர்டர் எடுப்பார்.

அடுத்த நிமிடம் அவளிடம் நின்று பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒரு இலவச டிக்கெட் என்றதை இரண்டாக்கினார். ஒரே அறை என்றதைத் தனித்தனி அறையாக்கினார். யாருக்காகப் பேசுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பேசி முடித்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"தாயி, நீயும் சித்தப்பாவும் நாளைக்கு வாங்களேன்."

கை நனைப்பது மறுநாள் காலையில். "நாளைக்கு மத்தியானம் வந்து எதுல கை நனைக்க? எச்சி இலையிலயா?" என்று கேட்டேன்.

ஐந்தும் ஒற்றைப்படைதானே என்றார் மதினியின் அண்ணன். சாத்தூரில் காரில் ஏறியதிலிருந்து அந்த மனிதர் பேசிய முதல் வார்த்தை அது. மதினி என் முகத்தைப் பார்க்காமல், கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டே சொன்னார்: "அவுக வீட்டுல போட்டோக்காரன் வேற வாரானாம்."

எனக்கு இடது கன்னத்திலிருந்து கழுத்துவரை தோல் சுருங்கியிருக்கும். அந்தப் பக்கம் காது பாதிதான். இருபத்தோரு வருடமாகிறது. கேட்பவர்களுக்குச் சொல்ல எங்கள் வீட்டில் ஒரு பதில் தயாராக இருக்கிறது: அடுப்பில் சேலை பிடித்துக்கொண்டது. பட்டாசுக் குடும்பத்தில் அடுப்பைத் தவிர வேறெதுவும் தீப்பிடிக்காது.

நடந்தது வேறு. அந்த சீசனில் அண்ணன் அளவுக்கு மேல் ஆர்டர் வாங்கியிருந்தார். ஆள் போதவில்லை. கதவில் 'நான்கு பேர்' என்று சட்டம் அனுமதித்த கணக்கைப் பெயின்டில் எழுதிய அறைக்குள், திரி வைக்க, என்னை ஐந்தாவது ஆளாக உட்காரவைத்தார். வெடிமருந்து பற்றிக்கொண்டபோது மற்ற நான்கு பேரும் கதவு வழியாக வெளியே பாய்ந்துவிட்டார்கள். ஐந்தாவது ஆளுக்குக் கதவு தூரம். ஆஸ்பத்திரிக்குப் போலீஸ்காரர் வந்தபோது அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி அடுப்பு என்று சொல்லி, காயமில்லாத கையால் கையெழுத்துப் போட்டேன். கம்பெனி பிழைத்தது. எனக்கு வரன் பார்ப்பது அத்தோடு நின்றது.

மதினிக்கு என் முகம்தான் கவலை. அண்ணனுக்கு அதைவிடப் பெரிய கவலை. மாப்பிள்ளை வீட்டில் யாராவது என்ன ஆயிற்று என்று கேட்டால் நான் அடுப்பு என்று சொல்வேனா? நியாயமான பயம். சொல்லியிருக்க மாட்டேன்.

விமானக் கம்பெனியில் ஒரு விதி இருக்கிறது போல. அந்தப் பெண் என்னிடமே வந்து, நீங்களாக விரும்பித்தான் தருகிறீர்களா, யாரும் வற்புறுத்தவில்லையே என்று கேட்டாள். அந்த அறைக்குள் போகும்போது என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. நல்ல கம்பெனி. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் குனிந்து எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "பிள்ள கல்யாணத்துக்காகச் செய்யி தாயி. ஒன்னால நின்னுபோச்சுன்னு ஆயிரக் கூடாது."

போனால் உண்மையைச் சொல்லிவிடுவேன். சம்பந்தம் முறியலாம். போகாவிட்டால் அண்ணன் மகள் ஒன்றும் தெரியாமல் தலையாட்டிவிடுவாள். இரண்டில் எது அவளுக்குக் கேடு என்று யோசிக்க எனக்குக் கிடைத்த நேரம், வரிசை நகர்ந்து முடிகிற நேரம். கையெழுத்துப் போட்டேன். 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்று அந்தத் தாளில் அழகாக அச்சிட்டிருந்தார்கள்.

ஓட்டல் சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. விமானம் பழுது என்று சித்தப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். அவர் மூன்று கிண்ணம் பாயாசம் குடித்து முடித்ததும், நடந்ததை அவர் காதுக்குள் கத்திச் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். சித்தப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயும் யாரும் ஒங்கிட்ட வந்து பேசிராமப் பாத்துக்கங்கன்னு என்னயத்தான் காவலுக்கு உக்கார வச்சான். அப்ப எனக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றார். பிறகு நான்காவது கிண்ணத்துக்கு எழுந்து போனார்.

மறுநாள் காலையில் அண்ணன் போன் செய்தார். கை நனைத்தாயிற்று, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, நீங்கள் இனி வர வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்றார்.

ஊர் திரும்பியதும், வாசலிலேயே காத்திருந்த கல்யாணப் பெண், அடுப்படி எப்படி இருந்தது என்று கேட்டாள். ஓட்டல் அடுப்படியை என்னை யாரும் பார்க்க விடவில்லை என்றேன். அப்புறம் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், அந்த அறையையும் சேர்த்து. அவளும் அதுவரை அடுப்பு என்றுதான் நம்பியிருந்தாள். கொஞ்ச நேரம் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரிசத்தன்னைக்கு நீங்க எம்பக்கத்துல நிக்கணும் அத்த. அவுக கேக்கட்டும், நீங்க உள்ளதச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் வேணும்னா கட்டிக்கிடட்டும். நீங்க நிக்கலன்னா நான் வந்து உக்கார மாட்டேன்" என்றாள்.

அண்ணன் மும்பையிலிருந்து வந்ததும் அவரிடமும் இதையே சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவர் என் பெரிய மனசைப் பற்றி ஊர் ஊராகப் பேச ஆரம்பித்தார். நானே விரும்பி ஒதுங்கிக்கொள்கிறவள் என்று ஆகிவிட்டால் பரிசத்தில் என்னைக் காணோம் என்று யாரும் தேட மாட்டார்கள் அல்லவா. மதினி அந்த இலவச டிக்கெட்டுக்கு எப்போது வரை கெடு என்று அக்கறையாக விசாரித்தார். பரிசம் வருகிற வாரம் காசியில் கூட்டம் இருக்காதாம்.

அண்ணே, நான் காசிக்குப் போகவில்லை. பரிசத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தாயி என்று தொடங்கி எதுவும் பேச வேண்டாம். இரண்டு வீட்டாரும் உட்கார்ந்திருக்கும் சபையில், உங்கள் மகள் பக்கத்தில் நின்றுகொண்டு ஒன்றே ஒன்று கேட்பேன். எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்: நான்கு பேர் அறைக்குள் என்னை அனுப்பியது யார்?