சுண்ணாம்பு படாத கை

அந்தக் கட்டடத்துக்குள் நான் முதன்முதலாக நுழைந்தது பட்டம் வாங்க அல்ல, சுண்ணாம்பு வாளியோடு. யாங்கோன் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் பழைய பட்டமளிப்பு மண்டபத்துக்கு ஆண்டுதோறும் விழாவுக்கு முன் வெள்ளையடிப்பது எங்கள் குடும்பத்து வேலை. முதலில் தாத்தா செய்தார், பிறகு அப்பா. எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது, அம்மா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்ததால், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அப்பா என்னையும் அங்கே கூட்டிப்போனார்.

உள்ளே போனதும் தலையை அண்ணாந்து பார்த்தேன். லான்மடாவில் நாங்கள் குடியிருந்த அறையைப் போல ஐந்தாறு அறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்தக் கூரையைத் தொடாது. மெல்லத் தும்மினேன், மண்டபத்தின் மறுகோடியில் வேறொருத்தி தும்மினாள். வெளித் தூண்களில் என் விரல் நுழையும் அளவுக்குக் குழிகள் இருந்தன. ஜப்பான்காரன் காலத்துக் குண்டு என்றார் மாமா.

மாமா அம்மாவின் தம்பி, அப்பாவோடு வேலைக்கு வருபவர். அவர் சொல்லித்தான் அந்தக் கதை தெரியும். ஜப்பான் பட்டாளம் இங்கே தங்கியிருந்ததாம். வானத்திலிருந்து பார்ப்பவன் கண்ணில் படாமல் இருக்க, தாத்தாவையும் அவர் ஆட்களையும் பிடித்துவந்து வெள்ளைக் கட்டடம் முழுவதும் கரியைக் கரைத்துப் பூச வைத்தார்களாம். சுற்றுப்புறத்தில் எத்தனையோ கட்டடங்கள் விழுந்தும் இது நின்றுவிட்டது.

"இதக் காப்பாத்துனது யாரு? நம்ம கரிச்சட்டிதான்" என்று நெஞ்சை நிமிர்த்தினார், தானே பூசியதுபோல. போர் நடந்தபோது மாமா பிறக்கவே இல்லை.

என்னைச் சும்மா இருக்க வைக்க அவர் வெள்ளையடிக்கும் தேய்ந்த மட்டை ஒன்றைக் கையில் கொடுத்தார். கீழே ஒரு மூலையில் அடித்துப் பார்த்தேன். மாமா எட்ட நின்று பார்த்துவிட்டு, "மூஞ்சிக்குப் பூசுன தனாக்காவே திட்டுத்திட்டா இருக்கு, இவ சுவத்துக்குப் பூச வந்துட்டா" என்றார்.

அந்த வீம்பில்தான் மாடிப்படி ஏறினேன். படி திரும்பும் இடத்தில், ஒரு கதவுக்குப் பின்னால், சுவரெல்லாம் புது வெள்ளையாக இருக்க, ஒரு தட்டளவு இடம் மட்டும் அடிக்காமல் கிடந்தது. அதன் நடுவே ஒரு கருப்புக் கை. ஐந்து விரலையும் விரித்து அழுத்திய கை. வீட்டுச் சுவரில் இப்படி வைத்திருந்தால் அம்மா பின்னி எடுத்திருப்பாள். பெரியவர்கள் கோட்டைவிட்ட இடத்தைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் அடித்தேன். சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது அடியில் இருப்பது தெரியும், காயக் காயத்தான் வெளுக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கை மறையவில்லையே என்று மூன்று தரம் அடித்தேன். பிறகு, பாராட்டு வாங்க, அப்பாவைக் கூட்டிவந்து காட்டினேன்.

அப்பா என்னை அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் முக்கித் துடைக்கத் தொடங்கினார். சுண்ணாம்பு வந்தது, கூடவே கரியும் வந்தது. துண்டில் கருப்பைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். துடைத்தால் அழிந்துவிடும். விட்டால் காய்ந்து மறைந்துவிடும்.

பின்னாலேயே வந்த மாமா மட்டையைக் கீழே போட்டார். "என்ன புள்ள பண்ணி வச்சிருக்க? ஒங்க பெரியப்பா கை அது."

அப்பாவுக்கு ஒரு அண்ணன் இருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கரி பூசிய கடைசி நாளில், கூட வேலைக்கு வந்த அவர் கரிக்கையை இந்தச் சுவரில் ஊன்றி, அதற்காகத் தாத்தாவிடம் திட்டு வாங்கினாராம். மறுநாள் காலை, ஜப்பான் பட்டாளம் ரயில் பாதை போட ஆள் பிடித்த லாரியில் அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. போர் முடிந்து, கரியின்மேல் வெள்ளையடிக்க வந்த தாத்தா அந்தக் கையை மட்டும் விட்டுச் சுற்றி அடித்தார். அப்புறம் ஆண்டுதோறும் அப்படித்தான்.

"தேய்க்காதீங்க மச்சான், ஒத்தி எடுங்க" என்றார் மாமா. அவர் குரலில் கேலி போயிருந்தது.

அப்பா மண்டியிட்டு, துண்டின் நுனியால் ஒத்தி ஒத்தி எடுத்தார். ஒரு மணி நேரம் இருக்கும். அந்தப் பெரிய மண்டபத்தில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. உள்ளங்கை மங்கலாகத் திரும்பி வந்தது. நான்கு விரல்கள் வந்தன. சுண்டுவிரல் வரவில்லை.

"இங்க வா" என்றார். என் கையைப் பிடித்து அந்தக் கையின்மேல் வைத்தார். ஏறக்குறையப் பொருந்தியது, ஒரு நகத்தளவுதான் அது பெரிது. ஆட்களுக்கு டீ போடும் அடுப்பிலிருந்து மாமா கொண்டுவந்த கரித்துண்டால் என் சுண்டுவிரலைச் சுற்றிக் கோடு போட்டார். கோடு போட்டு முடித்த பிறகும் என் கையை எடுக்க விடவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா என்றால் மீசை வைத்த ஆள் என்று அதற்குள் மனத்தில் ஒருவரை உருவாக்கி வைத்திருந்தேன். மீசைக்காரருக்கு இவ்வளவு சின்னக் கையா என்று கேட்க நினைத்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அப்பா போய்ச் சேர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அங்கே இப்போது யார் வெள்ளையடிக்கிறார்கள், அந்தக் கை இருக்கிறதா என்று தெரியாது. கட்டடம் இருக்கிறது. போன வாரம் எங்கள் வார்டில் பதினெட்டு முடிந்த பையன்களின் பெயர்களைப் பட்டாளத்துக்காக எழுதிக்கொண்டு போனார்கள். என் மகன் பெயரும் அதில் இருக்கிறது. மறுநாள் அவனோடு பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். மரங்களுக்கு நடுவே மண்டபம் தெரிந்தது.

"அம்மா, கைய விடுங்க, வலிக்குது" என்றான். அப்போதுதான் நான் அவன் மணிக்கட்டைப் பிடித்திருப்பதே எனக்குத் தெரிந்தது.

அந்தக் கையின்மேல் சுண்ணாம்பு அடித்த அன்று மாலை, பஸ்ஸில் வீடு திரும்பும்போது அப்பா என் மணிக்கட்டை அப்படித்தான் பிடித்திருந்தார். டிக்கெட் வாங்கும்போதும் மற்றக் கையால்தான் வாங்கினார். வலிக்கிறது என்று சொன்னேன். காதில் விழாதவர்போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரைக் கெடுத்ததற்குத் தண்டனை என்று நினைத்து, லான்மடாவ் வரும்வரை அழாமல் பொறுத்துக்கொண்டேன்.