மண்பள்ளத்துக் கெளுத்தி

காஸ்பர் பீங்கான் பட்டறையில் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டுகிறவர். இருபத்தாறு வருடமாக ஈர மண்ணைத் தொட்டுத் தொட்டு விரல் ரேகையே மழுங்கிவிட்டது. பட்டறைக்குப் பின்னால், முன்பு களிமண் வெட்டிய பள்ளத்தில் கோடையிலும் தண்ணீர் நிற்கும். கோரை, தவளை, நீர்க்கோழி என்று அது ஒரு குட்டி ஏரி.

இரண்டு வருடமாக அங்கே தவளைச் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. விராலும் அருகியது, நீர்க்கோழிக் குஞ்சுகளும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. தண்ணீர்ப் பாம்புகள்தான் தின்று தீர்க்கின்றன என்று காஸ்பர் சூளைக் கம்பியோடு கரையோரம் அலைந்தார்.

"காஸ்பரண்ணே, பாம்பு அடிக்கிறதுக்குத் தனிச் சம்பளம் போடச் சொல்லவா?" என்று கூட வேலை பார்க்கும் ஜெயராஜ் கேலி செய்வான்.

"பத்து விரால் மிஞ்சட்டும்டா, அதுவே சம்பளம்."

பதினேழு பாம்புகளை அடித்தார்.

ஐப்பசி பிறக்கும் முன் ஒருநாள், பள்ளத்தில் பிடித்த கை நீளக் கெளுத்தியை அவர் மகள் லீமா அறுத்தாள். வயிற்றுக்குள் பாதி செரித்த இரண்டு தவளைகள், ஒரு நீர்க்கோழிக் குஞ்சின் கால், ஒரு தண்ணீர்ப் பாம்பு.

அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் லீமா, படித்தது விலங்கியல்.

"இது நம்மூரு கெளுத்தி இல்லப்பா. ஆப்பிரிக்காக் கெளுத்தி. வளக்கவே கூடாதுன்னு தடை இருக்குது. எவன் கொண்டாந்து வுட்டான்?"

காஸ்பர் அந்தப் பாம்பை விரலால் தனியே எடுத்து வைத்தார்.

"நான்தான்."

மூன்று வருடத்துக்கு முன் மீன்குஞ்சு வியாபாரியிடம் ஒரு பை கெளுத்திக் குஞ்சு வாங்கிப் பள்ளத்தில் விட்டிருக்கிறார். ஈஸ்டருக்கு முந்திய தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கறி ஆகாது, மீன் ஆகும். பட்டறையில் வேலை செய்யும் மாதா கோயில் சனங்களுக்கு ஒரு குழம்பாகட்டும் என்று. தவக்காலத்தில் செய்த தர்மத்தை வெளியே சொல்லக் கூடாது. அதனால் வீட்டிலும் சொல்லவில்லை.

மூன்று தவக்காலமும் அந்தக் குழம்பைக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டவள் லீமா. புத்தகத்தில் படமாகப் பார்த்த மீன் தட்டில் வந்தபோது, படித்த படிப்பு எங்கே போயிருந்தது?

"மூணு வருசமா பள்ளம் நெறயிற மழ இல்ல. இந்தத் தடவ புடிச்சா நெறஞ்சு, இந்த மீனெல்லாம் வாய்க்கா வழியா ஏரிக்குப் போயிடும்ப்பா. அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

மறுநாள் காஸ்பர் பட்டறையில் எல்லார் முன்னாலும் தான் செய்ததைச் சொன்னார். ஜெயராஜ் கேலி செய்யவில்லை. மோட்டாருக்கு ஆள் தேடிப் போனான். குழாய் வாயில் வலை கட்டி நான்கு நாள் தண்ணீரை இறைத்தார்கள். ஈரத் தரையில் ஊர்ந்தே தப்பிவிடும் மீன் அது என்றாள் லீமா. காஸ்பர் கரையைச் சுற்றிக் காய்ந்த களிமண் பொடியைக் கொட்டினார். அது ஈரத்தை எப்படி உறிஞ்சும் என்று அவர் விரல்களுக்குத் தெரியும். பொடியில் புரண்டு ஓய்ந்த கெளுத்திகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். வாய்க்கால் வாயில் இரட்டை வலை கட்டினார்.

முதல் அடைமழையில் பள்ளம் நிறைந்தது. வலையில் ஏதோ துடித்தது. அப்பாவும் மகளும் ஓடினார்கள். கண்ணியில் கழுத்து சிக்கிய ஒரு தண்ணீர்ப் பாம்பு.

"வலைய அறுத்துடவாப்பா?"

"அறுத்தா ஓட்ட வுழும். சேத்துல ஒரு கெளுத்தி பதுங்கியிருந்தாலும் போயிடும்."

வெறுங்கையால் கண்ணியை விலக்கினார். பாம்பு கட்டைவிரலைக் கவ்வியது. விஷமில்லாததுதான், ஆனாலும் ரத்தம் வந்தது. காஸ்பர் கையை உதறவில்லை. அது தானாக விடும்வரை மழையில் குனிந்தபடியே இருந்தார்.